மகள் படம் எடுக்கப் போகிறாளாம்: முதல் போடலாமா?

சென்ற மாதம் ஹட்டன் பக்கத்தில் பலசரக்குக் கடை நடத்தும் ஹாஜியார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர். வழமையாக வங்கி விடயம், வரி விடயம், தோட்டத்தில் சம்பளம் பிந்தினால் கொப்பிக் கடன் ஏறுவது போன்றவற்றைத்தான் கேட்பார். இம்முறை அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"தம்பி, மூத்த மகள் கெம்பஸில் ஊடகம் படித்து முடித்துவிட்டாள். வேலைக்குப் போகமாட்டேன், சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். தொழுகை, ஹிஜாப் எதையும் விடமாட்டாள். அதில் எனக்குப் பயமில்லை. இரண்டாவது கடை போடவென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதைத்தான் கேட்கிறாள். இது வியாபாரமா, விளையாட்டா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் தாருங்கள் என்றேன். அந்த ஒரு வாரத்தில் தேடியதையும் யோசித்ததையும் இங்கே தருகிறேன். இதே கேள்வி ஏனைய வீடுகளிலும் இன்று வந்திருக்கலாம், இனி வரவும் கூடும். உருவம், இசை, ஆண் பெண் கலப்பு போன்றவற்றில் மார்க்கத் தீர்ப்பு என்ன என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டியது. அவற்றில் கருத்து வேறுபாடுகளும் உண்டு. அந்தப் பகுதியை அவர்களிடமே விட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தை மட்டும் திறப்போம்.

படம் என்பது எவ்வகைச் சரக்கு?

கடையில் ஒரு மூடை சீனி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். விலை இறங்கினாலும் மூடை மூடையாகவே இருக்கும். படம் அப்படியல்ல. முதல் ரூபாய் உள்ளே வருவதற்கு முன்னர் கடைசி ரூபாய் வெளியே போய்விடும். பாதி கட்டிய கடையை வாங்க ஆள் உண்டு. பாதி எடுத்த படத்துக்கு ஒரு சதமும் கிடையாது. பிணையாக வைக்க அதில் காணியோ கட்டடமோ இல்லாததால் வங்கிகளும் இலகுவில் அதற்குப் பணம் தருவதில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. படம் முடிந்த பின்னர் அதைப் பிரதி எடுப்பதற்குச் செலவு இல்லை என்றே சொல்லலாம். ஒரே படத்தை ஒரு நாட்டுத் தொலைக்காட்சிக்கு இரண்டு வருடத்துக்கும், இன்னொரு நாட்டுக்கு வேறாகவும், இணையத் தளத்துக்கு வேறாகவும் கொடுக்கலாம். சரக்கு கையை விட்டுப் போவதில்லை. அதைக் காட்டும் உரிமைதான் விற்கப்படுகிறது. வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவதைப் போன்றது இது. இந்த ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

அப்படியானால் இலங்கையில் தமிழ்ப் படத்தொழில் ஏன் வளரவில்லை என்று கேட்பீர்கள். 1960களின் தொடக்கத்திலேயே தோட்டத்து வாழ்வைக் கதையாக வைத்து 'தோட்டக்காரி' என்ற படம் இங்கே எடுக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவராக இருந்த வி. பி. கணேசன் 1975 இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தார். அதன் பின்னரும் இரண்டு படங்களைத் தந்தார். முயற்சிக்குக் குறைவில்லை. ஆனால் பக்கத்து நாட்டில் பெரும் செலவில் எடுத்து, அங்கேயே செலவையும் மீட்டுவிட்ட படம், இங்கே வந்து அதே தியேட்டரில் அதே டிக்கட் விலைக்கு ஓடுகிறது. உள்ளூர்த் தீப்பெட்டிக்கும் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கும் நடக்கும் போட்டியைப் பார்த்த எமக்கு இது புதிய பாடமல்ல. ஆகவே தென்னிந்தியப் படத்தோடு போட்டி போடும் படத்துக்கு மகள் முதல் கேட்டால், யோசிக்காமல் மறுத்துவிடலாம். அவள் கேட்பது அதுவல்ல. அங்கே கிடைக்காத சரக்கைச் செய்ய அவள் நினைக்கிறாள்.

மலையகத்திலேயே ஓர் உதாரணம்

வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுமதி சிவமோகன் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கவிதையும் நாடகமும் எழுதியவர். தனது நாடக நூலுக்காக 2001 ஆம் ஆண்டின் கிரேஷியன் பரிசைப் பெற்றவர். 2013 இல் மலையகத் தமிழ் மக்களின் வாழ்வைப் பற்றி 'இங்கிருந்து' என்ற முழுநீளக் கதைப்படத்தை எடுத்தார். பெரிய கம்பனி எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. தொழில்முறை நடிகர்களை நம்பி எடுத்த படமும் அல்ல. 2017 இல் 'சன்ஸ் அண்ட் ஃபாதர்ஸ்' என்ற சிங்களப் படம் வந்தது. இரண்டு கதைப்படங்களுக்கு இடையில் நான்கு வருடங்கள். பெருநாளுக்குப் பெருநாள் சரக்கு மாற்றிப் பழகிய எமக்கு இந்தச் சுற்று மிகவும் மெதுவாகத்தான் தெரியும்.

அவரைப் பற்றி இங்கே எழுத இன்னொரு காரணமும் உண்டு. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் மன்னார் மாவட்டத்துப் பாலைக்குழிக்குத் திரும்பிச் சென்று குடியேறப் பட்ட பாட்டை ஆவணப்படமாக எடுத்ததும் இவர்தான். எமது சமூகத்தின் பெரும் துயரங்களில் ஒன்றை, எமது சமூகத்தைச் சாராத ஒரு பெண் தன் உழைப்பில் பதிவு செய்திருக்கிறார். 2020 இலிருந்து 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலத்தில், உலகத்துக்குக் காட்ட நல்லதொரு ஆவணப்படம் இல்லையே என்று எத்தனை கடைகளில் பேசிக்கொண்டோம்! பேசிய எவரும் அதற்கு முன்னர் ஒரு கமராக்காரிக்கு ஒரு மாதச் செலவு கொடுத்ததில்லை. நானும் அதில் அடக்கம்.

வியாபாரக் கண்ணால் பார்த்தால் சுமதியின் பாதையில் கவனிக்க வேண்டியது, அவருக்கு மாதச் சம்பளம் தரும் தொழில் ஒன்று இருந்தது என்பது. படம் அவருக்குச் சோறு போட வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அதனாலேயே தான் நினைத்ததை எடுக்க அவரால் முடிந்தது. சுயாதீனம் என்ற சொல்லுக்குப் பின்னால் அநேகமாக இப்படியொரு வேறு வருமானம் இருக்கும். படம் எடுப்போர் அதை மேடையில் சொல்வதில்லை.

மற்ற உதாரணம் தமிழ்நாட்டிலிருந்து. ஹலிதா ஷமீம் என்ற சகோதரி பல இயக்குநர்களிடம் உதவியாளராக வேலை பழகி, 2014 இல் 'பூவரசம் பீப்பீ' என்ற சிறுவர் படத்தை எடுத்தார். அவருடைய அடுத்த படமான 'சில்லுக் கருப்பட்டி' திரைக்கு வந்தது 2019 டிசம்பரில். இடையில் ஐந்து வருடங்கள். அந்தப் படத்தின் அமைப்பைத்தான் சிறு முதலாளிகள் கவனிக்க வேண்டும். ஒரே படத்துக்குள் நான்கு சிறு கதைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பாத்திரங்கள், சில இடங்கள். கதைக்கு ஒருவராக நான்கு ஒளிப்பதிவாளர்கள். படத்தொகுப்பை அவரே செய்தார். நடிகர் சூர்யாவின் நிறுவனம் அதை வாங்கி வெளியிட்டது. பின்னர் நெட்பிளிக்ஸிலும் வந்தது. ஒரே நேரத்தில் முழுப் பணத்தையும் கொட்டாமல், ஒரு கதையை முடித்துப் பார்த்து அடுத்த கதைக்குப் போகக்கூடிய அமைப்பு இது. கடையை ஒரே நாளில் மூன்று மாடியாகக் கட்டாமல் அறை அறையாகக் கட்டுவது போல. ஹலிதா எடுப்பவை மார்க்கப் படங்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சண்டையும் கவர்ச்சியும் இல்லாமல் ஒரு படத்தை விற்கலாம் என்பதற்கு அது போதுமான சாட்சி.

விளம்பரத்தில் சம்பாதித்து படத்தில் செலவழித்தவர்

ஹாஜியாரின் மகளுக்கு மிக நெருக்கமான உதாரணம் என்று நான் நினைப்பது மலேசியாவின் யஸ்மின் அஹ்மதை. 1958 இல் ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் பிறந்தவர். கோலாலம்பூரில் லியோ பர்னட் என்ற விளம்பர நிறுவனத்தில் உயர் பதவி வகித்தார். பெட்ரோனாஸ் எண்ணெய்க் கம்பனிக்காக நோன்புப் பெருநாள், தீபாவளி, சுதந்திர தினம் என்று அந்த நாட்டில் வரும் விசேட நாட்களுக்கு அவர் செய்த விளம்பரங்களில் பெட்ரோலைப் பற்றி எதுவும் இருக்காது. வயதான பெற்றோர், அவர்களைப் பார்க்க வராத பிள்ளைகள், வேறு இனத்து அயலவர்கள், பள்ளிக்கூடச் சிறுவர்கள் ஆகியோரின் கதைகள்தான். மக்கள் அவற்றுக்காகக் காத்திருந்து பார்த்தார்கள். பார்த்த பின் கம்பனியின் பெயர் மனதில் நின்றது.

அந்தத் தொழிலை வைத்துக்கொண்டே அவர் தன் சொந்தப் படங்களை எடுத்தார். முதலில் 2003 இல் தொலைக்காட்சிக்காக 'ரபுன்'. 2004 இல் மலாய்ப் பெண்ணையும் சீன இளைஞனையும் பற்றிய 'செபெட்'. 2009 இல் வந்த 'டேலன்டைம்' படத்தில் காது கேளாத தமிழ் மாணவன் ஒருவன் முக்கிய பாத்திரம். அதில் தமிழ் வசனங்களும் உண்டு. அவருடைய படங்களில் தொழுகை இருக்கும், குடும்பம் இருக்கும், இறைநம்பிக்கை இருக்கும், போதனை இருக்காது. சமயப் பற்றுள்ள சிலரே அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மார்க்கத்தோடு படம் எடுக்க வரும் பெண், சினிமாக்காரரிடமும் பேச்சு வாங்குவாள், நம்மவரிடமும் வாங்குவாள். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2009 ஜூலையில், 51 ஆவது வயதில் யஸ்மின் காலமானார்.

இதில் எமது வியாபாரிகளுக்கு நேரடியான பயன் ஒன்று இருக்கிறது. புடவைக் கடைக்காரர்கள் ரமழான் வந்ததும் துண்டுப் பிரசுரம், வானொலி விளம்பரம், பெரிய பதாகை என்று எப்படியும் பணம் செலவழிக்கிறார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மூன்று நிமிடக் கதை ஒன்றை அந்தப் பிள்ளையிடம் எடுக்கச் சொல்லலாம். செய்த வேலைக்குக் கூலி, அவ்வளவுதான். முதல் போட்டு இலாபத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கடைக்காரருக்கு விளம்பரம் கிடைக்கும், பிள்ளைக்குக் கை பழகும், அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு மாதிரியும் கிடைக்கும்.

பெண்கள் பக்கத்துக் கமரா

ஹாஜியாருடன் பேசும்போது நான் ஒன்று கேட்டேன்: "உங்கள் இரண்டாவது மகளின் கலியாணத்தில் பெண்கள் பக்கம் யார் வீடியோ எடுத்தது?" சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "ஒருவரும் எடுக்கவில்லை. கமராக்காரன் ஆம்பிளை. உம்மாமார் விடவில்லை" என்றார்.

கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று இந்தப் பாதையில் எத்தனை முஸ்லிம் கலியாணங்கள் நடக்கின்றன! பெண்கள் பக்கம் சென்று எடுக்கக்கூடிய, எடுத்ததை நம்பி ஒப்படைக்கக்கூடிய பெண் கமராக்குழு மிக அரிது. தேவை கண்முன்னே இருக்கிறது, விநியோகம் இல்லை. வியாபாரத்தில் இதைவிட நல்ல செய்தி வேறென்ன? சந்தையில் நுழைய ஆண்களுக்குத் தடையாக இருக்கும் அதே பர்தா, இந்தப் பிள்ளைக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

ஆனால் இது அமானிதத் தொழில். அந்தப் படங்கள் ஒருமுறை வெளியே கசிந்தால் கடை அன்றோடு மூட வேண்டியதுதான். எத்தனை பிரதி, யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் அழிப்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். படத்தொகுப்பை வெளியே ஓர் ஆணிடம் கொடுத்துவிட்டு, எடுத்தது பெண் என்று விளம்பரம் செய்வது ஏமாற்று.

கலியாண வீடியோ எடுப்பதை அந்தப் பிள்ளை தரக்குறைவாக நினைக்கக்கூடும். படித்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. சுமதிக்குப் பல்கலைக்கழகம் எதுவோ, யஸ்மினுக்கு விளம்பரம் எதுவோ, அதுவே இவளுக்குக் கலியாண வீடு. மாதம் இரண்டு வேலை கிடைத்தாலே வாடகையும் பயணச் செலவும் வந்துவிடும். மீதி நாட்கள் அவளுடையவை.

வெளியே சென்று எடுக்கும்போது ஆண்களும் சேர்ந்த குழுவோடு எப்படி வேலை செய்வது என்பது ஹாஜியாரின் அடுத்த கவலை. சவூதியின் ஹைபா அல்மன்சூர் 2012 இல் வெளிவந்த 'வஜ்தா' படத்தை ரியாத் நகரிலேயே எடுத்தார். முழுமையாக சவூதியில் எடுக்கப்பட்ட முதலாவது முழுநீளக் கதைப்படம் என்று அதைச் சொல்வார்கள். அப்போது அங்கே தியேட்டரே கிடையாது. அவை திறந்தது 2018 இல். பொது இடத்தில் ஆண் குழுவினரோடு நிற்க முடியாத பகுதிகளில் அவர் ஒரு வேனுக்குள் இருந்து, திரையில் பார்த்து, வோக்கி டோக்கியில் கட்டளை கொடுத்தார். பணம் தேடவே அவருக்குச் சில வருடங்கள் பிடித்தன. கடைசியில் ஜெர்மன் நிறுவனமும் சவூதி நிறுவனமும் சேர்ந்துதான் முதல் போட்டன. ஹட்டனில் நிலைமை அவ்வளவு கடினமில்லை. சகோதரனோ மாமாவோ உடன் சென்றால் போதும் என்று வீட்டில் தீர்மானிக்கலாம். ஆனால் அவருக்கும் சாப்பாடு, பயணம், நாட்கூலி உண்டு. அதையும் செலவில் எழுதுங்கள்.

தோட்டத்தில் எடுப்பதற்கென்று தனிச் செலவுகள் சில உண்டு. தோட்டங்களை நடத்துபவை கம்பனிகள். மலைக்குள்ளும் லயத்துக்குள்ளும் கமராவோடு போக துரையின் அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே எழுத்தில் வாங்காமல் வாடகைக் கமராவோடு போய் நின்றால் ஒரு நாள் வாடகை நட்டம். ட்ரோன் பறக்கவிட அதற்கென்று வேறு அனுமதி. மே மாதத்துக்குப் பின் மேற்குச் சரிவில் மழை. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. ஆனால் அது சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால் வாகனமும் அறையும் விலையேறும். ஏப்ரலில் நுவரெலியாவில் அறை கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, நான் முக்கியமாகக் கருதுவது. கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியை ஒரு நாள் கமரா முன் நிறுத்தினால் அவளுக்கு அன்றைய 'பேர்' போய்விடும். அந்தப் பேருக்காக அந்த மக்கள் எவ்வளவு காலம் போராடினார்கள் என்பது எமக்குத் தெரியும். 2021 இல் 1000 ரூபாயும் 2024 இல் 1350 ரூபாயும் வர்த்தமானியில் வருவதற்கே எத்தனை பேச்சுவார்த்தை! ஆகவே கமரா முன் நிற்பவருக்கு ஒரு நாள் பேரை முழுதாகக் கொடுப்பது செலவுத் திட்டத்தின் முதல் வரியாக இருக்கட்டும். 2023 இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று எத்தனையோ கமராக்கள் மலைக்கு ஏறின. அந்தத் தாய்மார் எமது கடைகளின் வாடிக்கையாளர்கள். எமது பிள்ளையும் இலவசமாக அவர்கள் முகத்தை எடுத்துக்கொண்டு போனாள் என்ற பேச்சு வரக்கூடாது.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

இனி ஹாஜியாரின் நேரடிக் கேள்விக்கு வருவோம். மகளுக்குத்தானே, சும்மா கொடுத்துவிடலாம் என்று அவர் மனைவி சொன்னாராம். ஆனால் அவருக்கு நான்கு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு அன்பளிப்பாகப் பெருந்தொகை கொடுத்தால் மற்றவர்களுக்கும் அதுபோல் கொடுக்க வேண்டும் என்பது நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் சம்பவத்தில் எமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. கடனாகக் கொடுத்தால் பிள்ளையின் தலையில் சுமை. படம் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். தொழிலின் தொடக்கத்திலேயே முதுகு முறிந்துவிடும்.

இத்தகைய தொழிலுக்கென்றே அளந்து தைத்தது போல் ஓர் ஏற்பாடு எமது மார்க்கத்தில் இருக்கிறது: முதாரபா. ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு. கதீஜா நாயகி (ரழி) அவர்களின் சரக்கோடு நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்ற வரலாறு எல்லோரும் அறிந்தது. அங்கே முதல் ஒரு பெண்ணுடையது. இங்கே உழைப்பு ஒரு பெண்ணுடையது.

உதாரணமாக ஹாஜியார் 10 இலட்சம் போடுகிறார், இலாபத்தில் அவருக்கு 60, மகளுக்கு 40 வீதம் என்று முன்கூட்டியே பேசுகிறார்கள். இரண்டு வருடத்தில் படம் 13 இலட்சம் கொண்டுவந்தால், முதல் 10 இலட்சமும் ஹாஜியாருக்குத் திரும்பும். மீதி 3 இலட்சத்தில் அவருக்கு 180,000, மகளுக்கு 120,000. ஆறு இலட்சம்தான் வந்தது என்றால் 4 இலட்சம் நட்டமும் ஹாஜியாருடையது. மகள் இழப்பது இரண்டு வருட உழைப்பை. மாதம் இவ்வளவு தா என்று நிச்சயத் தொகை கேட்க ஹாஜியாருக்கு இடமில்லை. மகளின் கவனக்குறைவால் வந்த நட்டமானால் மட்டும் அவள் பொறுப்பு. படம் பதிந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரே பிரதியாக வைத்திருந்து தொலைத்துவிடுவது அப்படிப்பட்ட கவனக்குறைவுதான். மூன்று பிரதி, இரண்டு வேறு வீடுகளில். முதாரபாவில் உழைப்பவருக்குத் தனிச் சம்பளம் இல்லை என்பதையும் கவனியுங்கள். கலியாண வீட்டு வேலை அவசியம் என்று நான் அழுத்திச் சொன்னது இதனால்தான். மகளும் தன் சேமிப்பைப் போடுவதானால் அது முஷாரகா; நட்டமும் போட்ட முதலின் அளவுக்குப் பிரியும்.

ஒப்பந்தத்தில் கடைச் சரக்குக்கு எழுதாத சில வரிகள் இங்கே வேண்டும். கணக்கு எந்தத் திகதியில் மூடப்படும்? மூடும்போது படத்தின் உரிமை இன்னும் உயிரோடிருக்கும். அதற்கு என்ன விலை, யாருக்கு? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதாவிட்டால் திரைப்படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கே சேரும். தயாரிப்பு என்ற இடத்தில் மரியாதைக்காக ஒருவர் பெயரைப் போடுவது வெறும் மரியாதை அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

கமரா வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனதை நாம் பார்த்தோம். இறக்குமதிப் பொருளான கமராவும் அதோடு ஏறியது. பெரிய கமராவை வேலை வரும்போது வாடகைக்கு எடுக்கட்டும். கலியாண வேலைக்கு ஒரு சாதாரண கமராவும், அதைவிட முக்கியமாக நல்ல ஒலிவாங்கியும் சொந்தமாக இருந்தால் போதும். படம் கொஞ்சம் மங்கலானால் மக்கள் பொறுப்பார்கள். சத்தம் விளங்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள். அதற்கும் கையில் பணமில்லை என்றால் வட்டிக்குப் போகாமல் முராபஹா முறையில் வாங்க வழியுண்டு. 2011 இல் அமானா வங்கி வந்த பிறகு இந்தச் சொற்கள் எமது வியாபாரிகளுக்குப் பழக்கமானவைதான்.

யார் வாங்குவார்கள்?

இதில்தான் நான் ஹாஜியாரை அதிகம் எச்சரித்தேன். மார்க்கப் படம் என்றால் சமூகம் தானாக வாங்கும் என்று எண்ண வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து இஸ்லாமிய கீதங்கள் அடங்கிய இறுவட்டு ஒன்றை வெளியிட்டோம். வெளியீட்டு விழாவுக்குப் பெரும் கூட்டம், துஆ, பாராட்டு. இரண்டாவது வாரம் பிரதி பண்ணிய இறுவட்டு பாதி விலைக்கு வந்துவிட்டது. அதை விற்றவர்களும் நம்மவர்கள், வாங்கியவர்களும் நம்மவர்கள். நன்மையான விடயம்தானே, பரவட்டுமே என்று என்னிடமே சொன்னார்கள். நன்மை பரவியது; எமது முதல் திரும்பி வரவில்லை.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1976 இல் 'த மெசேஜ்' படத்தை எடுத்த முஸ்தபா அக்காத், ஒரே அரங்க அமைப்பில் அறபு நடிகர்களை வைத்து ஒருமுறையும் ஆங்கில நடிகர்களை வைத்து ஒருமுறையுமாக இரண்டு படங்களைச் செய்து இரண்டு சந்தைகளைப் பிடித்தார். கெட்டிக்கார வியாபாரி. ஆனால் உமர் முக்தாரைப் பற்றி 1981 இல் வந்த அவருடைய படம் சுமார் 35 மில்லியன் டொலர் செலவில் எடுக்கப்பட்டு, போட்டதில் சிறு பகுதியைக்கூட மீட்கவில்லை. ஹாலிவுட்டில் அவருக்குத் தொடர்ந்து வருமானம் தந்தவை 'ஹாலோவீன்' என்ற பேய்ப் படங்கள்!

மாறாக, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு தேவாலயத்தார் 2008 இல் 'ஃபயர்புரூஃப்' என்று ஒரு படம் எடுத்தார்கள். கணவன் மனைவி பிரச்சினைதான் கதை. செலவு 5 இலட்சம் டொலர். சபை மக்களே பெரும்பாலும் ஊதியமின்றி வேலை செய்தார்கள். அந்த நாட்டில் வசூல் 33 மில்லியன் டொலரைத் தாண்டியது. படம் முடிவதற்கு முன்பே ஊர் ஊராகத் தேவாலயங்கள் மூலம் பார்வையாளர்களைச் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் அதன் இரகசியம். சரக்கு வருவதற்கு முன்னர் ஓடர் பிடிப்பது எமக்குத் தெரியாத வித்தையா? பாடசாலைகள், மத்ரஸாக்கள், மாதர் சங்கங்கள் என்று, பெண்களுக்கு மட்டுமான காட்சிகளுக்கு முன்கூட்டியே தொகை பேசி, ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று வாங்கலாம். பிரதியைக் கொடுத்துவிட்டு வராமல், காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

யூடியூப்பில் போட்டால் பணம் வருமே என்று ஹாஜியாரின் மகன் சொன்னானாம். ஒரு வருடத்துக்குள் 4000 மணி நேரம் மக்கள் பார்க்க வேண்டும், 1000 பேர் சேர வேண்டும். அதன் பிறகுதான் விளம்பரப் பங்கு தொடங்கும். அங்கே என்ன விளம்பரம் ஓடும் என்பதும் முழுமையாக எமது கையில் இல்லை. சூது, மது போன்ற சில வகைகளைத் தடுக்க வசதியுண்டு. ஆனாலும் சீதனத்தைக் கண்டித்து எடுத்த படத்துக்கு நடுவில் நகைக் கடனுக்கு வட்டி விளம்பரம் வந்து நிற்கலாம். முழுப் படத்தையும் முதல் நாளே அதில் போட்டுவிட்டால் தொலைக்காட்சிக்காரர் விலை பேசமாட்டார். முதலில் விழாக்கள் (யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வந்திருக்கிறது), பிறகு கட்டணக் காட்சிகள், பிறகு தொலைக்காட்சி, கடைசியில்தான் இணையம். புடவைக் கடையில் புது டிசைனை வாசலில் தள்ளுபடியில் போடுவது கடைசி மாதத்தில்தானே.

இவ்வளவையும் ஹாஜியாருக்குச் சொன்னேன். இரண்டாவது கடைக்கு வைத்த பணம் முழுவதையும் கொடுக்க வேண்டாம், அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் முதாரபாவாக எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கு முன் ஆறு மாதம் கலியாண வீடுகளிலும் கடை விளம்பரங்களிலும் அவள் உழைத்துக் காட்டட்டும்; எடுப்பது இருபது நிமிடக் கதையாக இருக்கட்டும்; அது முடிந்து பத்து இடத்தில் காட்டிய பிறகு அடுத்ததைப் பேசுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் மீண்டும் அழைத்தார். ஷவ்வாலில் இரண்டு கலியாண வீட்டு ஓடர் வந்துவிட்டதாம். பத்திரம் எழுத சட்டத்தரணியிடம் போகிறாராம். தயாரிப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரையா, மகளின் பெயரையா போடுவது என்று கேட்டார். மகளின் பெயரைப் போட்டு, உங்கள் முதல் திரும்பும்வரை உரிமையை அவள் தனியாக விற்க முடியாது என்று ஒரு வரி சேருங்கள் என்றேன். "அதை அவளிடம் எப்படித் தம்பி சொல்வது?" என்றார்.

சட்டத்தரணி வாசிக்கும்போது அவளும் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன்.